கழுவிய வெள்ளையில் செம்மண் சாயல்

ஹெத்தையம்மன் பண்டிகை வந்தால் கோத்தகிரிப் பக்கத்துப் படுகர் ஊர்கள் வெள்ளையாகிவிடும். ஆண், பெண் எல்லாருக்கும் வெள்ளை உடுப்புதான். செம்மண் பூமியில் அந்த வெள்ளையைக் காப்பாற்றுவது லேசான வேலை அல்ல. கறை என்றால் தேய்த்து எடுத்துவிடலாம். வேட்டி முழுக்க ஒரே சீராக ஏறும் மங்கலைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. அது பெரும்பாலும் உடுத்தும்போது வந்ததல்ல, துவைக்கும்போது வந்தது.

சோப்புத்தூளின் மூலக்கூறுக்கு எண்ணெயை நாடும் வால் ஒன்று, தண்ணீரை நாடும் தலை ஒன்று. வால்கள் அழுக்கைக் கவ்விப் பெயர்க்கும். தலைகளில் எதிர்மின்னூட்டம் இருப்பதால், பெயர்ந்த துகளும் எதிர்மின் போர்வையோடு மிதக்கும். நனைந்த பருத்திக்கும் லேசான எதிர்மின்னூட்டம் உண்டு. ஒன்றையொன்று தள்ளுவதால் அழுக்கு துணிக்குத் திரும்புவது குறைகிறது.

ஆனால் செம்மண்ணின் களித்துகள் ஒரு மில்லிமீட்டரில் 500-ல் ஒரு பங்கைவிடச் சிறியது. இழை இடுக்கில் புகுந்தால் லேசில் வெளிவராது. அதனால் பல சோப்புத்தூள்களில், தாவர நார்ப்பொருளான செல்லுலோஸிலிருந்து செய்த கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் கொஞ்சம் சேர்ப்பார்கள். பருத்தியும் செல்லுலோஸ்தானே! சொந்தக்காரர் வீடுபோல அதில் ஒட்டிக்கொண்டு எதிர்மின்னூட்டத்தைக் கூட்டிவிடும். பாலியஸ்டரிடம் இந்தச் சொந்தம் அவ்வளவாகச் செல்லாது.

துணியை மிருதுவாக்கும் சாஃப்ட்னர் இதற்கு நேர்மாறு. அதன் தலையில் நேர்மின்னூட்டம். தலை பருத்தியில் ஒட்ட, கொழுப்பு வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். துணி வழவழப்பாவதும், துண்டு சரியாக ஈரம் உறிஞ்சாததும் அந்த வால்களால்தான். மழைக்காலத்தில் இங்கே துணி காயாமல் வாடை அடிக்கும். அதற்காக மூடி மூடியாக ஊற்றுகிறோம். (வாடை போவது காய்ந்தால்தான், வாசனை அதை மூடத்தான் செய்யும்.)

அவசரத்தில் சோப்புத்தூளையும் சாஃப்ட்னரையும் ஒரே பக்கெட்டில் போட்டு ஒரு வெள்ளைத் துண்டை நானே கெடுத்திருக்கிறேன். எதிரெதிர் மின்னூட்டங்கள் சேர்ந்து பிசுபிசுத்த கசடாகிவிட, அழுக்கைத் தாங்க ஆளில்லாமல் அது துணியிலேயே படிந்தது. சாஃப்ட்னர் வேண்டுமென்றால், நுரை போக அலசிய பிறகு, கடைசித் தண்ணீரில்தான்.

அப்புறம், துணி உள்ளே கிடக்கப் பக்கெட்டைச் சாய்த்து அழுக்குத் தண்ணீரை வடிப்பது நம் வழக்கம். அப்போது துணிதான் வடிகட்டி: மிதந்துகொண்டிருந்த செம்மண் அதிலேயே தங்கும். துணியை முதலில் தூக்கிவிட்டுத் தண்ணீரைக் கொட்டுங்கள்.