இடம் வானத்திலிருந்து, வழி வரைபடத்திலிருந்து

காரின் டேஷ்போர்டில் இருக்கும் வழிகாட்டிக் கருவி செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை. அதற்குக் கேட்க மட்டுமே தெரியும். உங்கள் கார் எங்கே போகிறது, பல்லடத்துக்கா பழனிக்கா என்பதெல்லாம் மேலே சுற்றும் செயற்கைக்கோள்களுக்குத் தெரியவே தெரியாது. அவை ஓயாமல் சொல்வது இரண்டு செய்திகள்: இப்போது மணி என்ன, தாம் இருக்கும் இடம் எது. இதை வைத்துக் கார் இருக்கும் இடத்தைக் கருவியே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறது. அந்த இடம் எந்தச் சாலையில் வருகிறது, அங்கிருந்து எப்படிப் போவது என்பதெல்லாம் கருவிக்குள் இருக்கும் வரைபடத்தின் வேலை. அந்த வரைபடத்துக்கும் வானத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் கருவியோடு வண்டி ஓட்டுவது எளிதாகிவிடும். கருவி தப்பாகச் சொல்லும்போது அது வானத்துத் தப்பா, வரைபடத்துத் தப்பா என்று பார்த்தால், அடுத்து என்ன செய்வது என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். கொங்குப் பகுதியில் இரண்டு வகைத் தப்புக்கும் நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

முதலில் வானத்துக் கணக்கு. கோயம்புத்தூரில் மில் சங்கு ஊதிய காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மில்கள் சரியாகக் காலை 6 மணிக்குச் சங்கு ஊதுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். முதல் மில்லின் சங்கு உங்களுக்கு 3 விநாடி கழித்துக் கேட்டால் அது சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்த மில்லை மையமாக வைத்து ஒரு கிலோமீட்டருக்கு வட்டம் போட்டால், அந்த வட்டத்தின் மேல் எங்கோ ஓரிடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள். மற்ற இரண்டு மில்லுக்கும் அதே மாதிரி வட்டம் போடுங்கள். மூன்றும் சந்திக்கும் புள்ளிதான் நீங்கள் நிற்கும் இடம்.

சரி, உங்கள் கைக்கடிகாரம் ஒரு விநாடி தப்பாக ஓடினால்? மூன்று வட்டங்களும் ஒரே அளவு, 340 மீட்டர், பெருத்தோ சிறுத்தோ விழும். ஒரே புள்ளியில் சேராமல் நடுவே ஒரு இடைவெளி விடும். கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளிப் பார்த்து, மூன்று வட்டங்களும் எப்போது ஒரு புள்ளியில் கூடுகின்றனவோ அதுதான் சரியான நேரம். இடம் தேடப்போய் நேரமும் சேர்ந்து கிடைத்துவிடுகிறது. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஜிபிஎஸ்ஸும் இப்படித்தான் வேலை செய்கிறது. அங்கே சங்கின் ஒலிக்குப் பதில் ரேடியோ அலை. வேகம் விநாடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டர். செயற்கைக்கோள்கள் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. நேர் உச்சியில் இருக்கும் செயற்கைக்கோளின் சமிக்ஞை நம்மை வந்தடைய 0.067 விநாடி ஆகும், அடிவானத்தில் இருப்பதற்கு 0.086 விநாடி ஆகும். நேரத்தில் ஒரு மைக்ரோ விநாடி, அதாவது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, பிசகினாலே தூரம் 300 மீட்டர் பிசகிவிடும். அதனால் ஒவ்வொரு செயற்கைக்கோளிலும் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள். நம் கருவியில் இருப்பதோ சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம். நீளம், அகலம், உயரம் என்ற மூன்றோடு கடிகாரத்தின் பிழையும் தெரிய வேண்டும் என்பதால் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் கண்ணில் பட வேண்டும்.

ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை அன்றாட வாழ்க்கைக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இங்கே பதில் இருக்கிறது. செயற்கைக்கோள் வேகமாக ஓடுவதால் அதன் கடிகாரம் நாளொன்றுக்கு 7 மைக்ரோ விநாடி பின்தங்குகிறது. அதே சமயம், பூமியின் ஈர்ப்பு அங்கே குறைவு என்பதால் 45 மைக்ரோ விநாடி முந்துகிறது. கூட்டிக் கழித்தால் நாளுக்கு 38 மைக்ரோ விநாடி முந்தும். இதைச் சரிசெய்யாமல் விட்டால் தூரக் கணக்கில் ஒரே நாளில் சுமார் 11 கி.மீ. பிழை சேர்ந்துவிடும். அதனால்தான் கடிகாரத்தின் வேகத்தை ஏவும் முன்பே கொஞ்சம் குறைத்து வைத்து அனுப்புகிறார்கள்.

இவ்வளவு தூரம் வந்து சேரும் சமிக்ஞையில் வலு மிச்சமிருக்காது. சுற்றியிருக்கும் ரேடியோ இரைச்சலைவிட அது மெல்லியது. ஒவ்வொரு செயற்கைக்கோளும் 0, 1 என்ற 1,023 துணுக்குகள் கொண்ட தனக்கே உரிய குறியீட்டை மில்லி விநாடிக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. கருவியிடம் அந்தக் குறியீட்டின் பிரதி இருக்கிறது. அதை நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்த்து, இரைச்சலுக்கு அடியில் புதைந்திருப்பதைத் தோண்டி எடுக்கிறது. மெல்லிய சமிக்ஞை என்பதால் எளிதில் மறைந்துவிடும். உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் கருவி தடுமாறுவதற்குக் காரணம் இதுதான். மழைத்துளி அவ்வளவாகத் தடுப்பதில்லை, நனைந்த இலைக்கூட்டம் தடுக்கும்.

திறந்த வெளியில், காங்கேயம் தாராபுரம் பக்கத்து மேட்டாங்காட்டு ரோட்டில் போனால், ஒரு நல்ல போன் சுமார் 5 மீட்டர் பிழைக்குள் இடத்தைச் சொல்லிவிடும். வால்பாறைக்கு ஏறும்போது நிலைமை வேறு. ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் மலை பாதி வானத்தை மறைத்துவிடுகிறது. மிச்சமுள்ள செயற்கைக்கோள்கள் எல்லாம் ஒரே திசையில் நெருங்கி நிற்க, தூர வட்டங்கள் கூர்மையாக வெட்டிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டு போகின்றன. பாறையில் பட்டுத் திரும்பி வரும் சமிக்ஞை கூடுதல் தூரம் பயணம் செய்வதால் அதுவும் கணக்கைக் கெடுக்கும். போதாக்குறைக்கு, ஏறும் சாலையும் அடுத்த வளைவு தாண்டி வரும் சாலையும் சில இடங்களில் ஒட்டினாற்போல் ஓடுகின்றன. அம்புக்குறி மேல் சாலைக்கும் கீழ்ச் சாலைக்கும் தாவும். இது வானத்துத் தப்பு. அங்கே திரையைப் பார்க்கவே தேவையில்லை. இருப்பது ஒரே சாலை. 70 வளைவுகள் உள்ள கொல்லிமலைக்கும் இதே பேச்சுதான்.

கோவை அவிநாசி ரோட்டில் இன்னொரு வகைச் சிக்கல். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை சுமார் 10 கி.மீ. நீளத்துக்கு ஜி.டி. நாயுடு மேம்பாலம் 2025இல் திறக்கப்பட்டது. பாலமும் அடியில் போகும் சாலையும் வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் கோடுகள். இரண்டையும் பிரித்துக் காட்டுவது உயரம் மட்டும்தான், ஜிபிஎஸ் பலவீனமாக இருப்பதும் உயரத்தில்தான். செயற்கைக்கோள்கள் எல்லாம் நமக்கு மேலேதான் இருக்கின்றன, கீழே இருப்பவற்றைப் பூமி மறைத்துவிடுகிறது. அதனால் கீழிருந்து ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமல் உயரத்தில் வரும் பிழை பக்கவாட்டுப் பிழையைவிடக் கூடுதலாகவே இருக்கும். பாலம் ஏறிவிட்ட பிறகும் கருவி 'இடப்பக்கம் திரும்பவும்' என்று சொல்லலாம். கீழே சிக்னலில் நிற்பவரிடம் 'நேராகச் செல்லவும்' என்றும் சொல்லலாம். ஏறுதளம், இறங்குதளம் வரும் இடங்களில் கைகாட்டிப் பலகையை நம்புங்கள். தவறவிட்டால் அடுத்த இறங்குதளத்தில் இறங்கிக்கொள்ளலாம். கருவி சொல்கிறதே என்று பாலத்தின் மேல் வேகத்தைக் குறைப்பது மிகவும் ஆபத்தானது, இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்.

பாலக்காடு தாண்டி திருச்சூர் போகிறவர்களுக்குக் குதிரான் சுரங்கப்பாதை தெரியும், நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். உள்ளே ஒரு செயற்கைக்கோளும் தெரியாது. காரோடு பொருத்தி வந்த கருவி, சக்கரம் சுற்றும் வேகத்தையும் வண்டி திரும்பும் கோணத்தையும் வைத்து இடத்தை அனுமானித்துக்கொண்டே வரும். போன் என்றால் கடைசியாகத் தெரிந்த வேகத்தோடு தன் உணரிகளையும் சேர்த்து ஊகிக்கும்.

தென்னிந்தியாவுக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு, அதாவது காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் இடங்களை இணைக்கும் கோடு, நமக்குச் சற்றுத் தெற்கே போகிறது. 1963இல் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததே அதற்காகத்தான். இந்தப் பட்டையில் வானத்தின் அயனி மண்டலம், அதாவது மின்னேற்றம் பெற்ற துகள்கள் நிறைந்த மேல் அடுக்கு, கொந்தளிப்பானது. சமிக்ஞை அதைக் கடக்கும்போது தாமதமாகும்; சூரியன் மறைந்த பிறகு சில இரவுகளில் மினுக்கி அலையும். குறிப்பாக மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இது அதிகம். இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் போன்கள் தாமதத்தைக் கணக்கிட்டுக் கழித்துவிடுகின்றன, பழைய கருவிகளால் அது முடியாது.

ஜிபிஎஸ் போலவே நம் நாடு அமைத்த நேவிக், முழு எண்ணிக்கையில் இயங்கினால், கொங்கு மலைச்சாலைகளுக்கு நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். அதன் செயற்கைக்கோள்கள் சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இந்தியப் பகுதிக்கு மேலேயே இருக்கும்படி அமைக்கப்பட்டவை. கிழக்கு 83 டிகிரி தீர்க்கரேகையில் நிறுத்தப்படும் ஒன்று நமக்கு ஏறக்குறைய உச்சியில் தெரியும், மலை மறைக்காது. முதல் தலைமுறைச் செயற்கைக்கோள்களில் வெளிநாட்டு அணுக் கடிகாரங்கள் பழுதாகித் தொல்லை கொடுத்தன. 2023இல் ஏவப்பட்ட என்விஎஸ்-01இல் இந்தியாவிலேயே செய்த ருபிடியம் கடிகாரம் இருக்கிறது.

இனி வரைபடம். இதில் வரும் தப்புகளுக்கு வானத்தைக் குறை சொல்ல முடியாது.

கருவிக்குச் சாலைகள் என்பவை புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும். ஒவ்வொரு கோட்டுக்கும் அதைக் கடக்க ஆகும் நேரம் குறிக்கப்பட்டிருக்கும். எந்தக் கோடுகளைக் கோத்தால் மொத்த நேரம் குறையும் என்று தேடும் முறையை நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் யோசித்து 1959இல் வெளியிட்டார். இன்று இருக்கும் முறைகள் பல அதன் வாரிசுகள்தான். கணக்கு பிசகாது. கோட்டில் எழுதியிருக்கும் எண் தப்பாக இருந்தால் விடை தப்பாக வரும், அவ்வளவுதான்.

ஈரோடு, திருப்பூர் பக்கம் தோட்டங்களுக்கு நடுவே போகும் இட்டேரியை எடுத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் கிளுவை வேலி, நடுவே ஒரு மாட்டு வண்டி போகும் அகலம், மண் தடம். மேலிருந்து எடுத்த படத்தில் அது ஒரு நேர்கோடு. அதை யாரோ 'கிராமச் சாலை' என்று குறித்துவிட்டால் கருவி மணிக்கு 30 கி.மீ. என்பது போல ஒரு வேகத்தைத் தானாகப் போட்டுக்கொள்ளும். தார் ரோட்டில் சுற்றிப் போவதைவிட இரண்டு நிமிடம் மிச்சம் என்று கணக்கு சொல்லும். முந்நூறு மீட்டர் போன பிறகு எதிரே டிராக்டர் வந்தால் கதவைத் திறக்கக்கூட இடம் இருக்காது. பின்னோக்கியேதான் வர வேண்டும். கீழ்பவானி வாய்க்கால் கரை, பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) வாய்க்கால் கரை ஆகியவற்றிலும் இதே நிலைமை. நொய்யலில் வெள்ளம் வந்தால் தரைப்பாலம் மூழ்கிவிடும், அந்தக் கோட்டை வரைபடம் வழக்கம்போலத் திறந்தே வைத்திருக்கலாம். நெரிசலை வரைபடச் செயலிகள் பலருடைய போன்கள் நகரும் வேகத்திலிருந்து தெரிந்துகொள்கின்றன. ஆளே போகாத தடத்தில் அந்த உதவியும் கிடையாது.

ஊர்ப் பெயர்களிலும் கவனம் வேண்டும். வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளி திருப்பூருக்கும் ஈரோட்டுக்கும் இடையில் இருக்கிறது. ஜமீன் ஊத்துக்குளி பொள்ளாச்சியை ஒட்டி இருக்கிறது. நேர்கோட்டில் 70 கி.மீ.க்கும் மேல் வித்தியாசம். பாளையங்களில் பெயர் ஒற்றுமை இன்னும் அதிகம். புறப்படும் முன் மொத்த வழியையும் ஒரு தடவை விரித்துப் பார்த்து, எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்று படித்துவிட்டால் இந்த ஆபத்து நீங்கிவிடும். பண்ணாரி வழியாகத் திம்பம் ஏறுகிறவர்கள், அந்தக் காட்டுச் சாலையில் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருப்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

செல்போன் டவர் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். டாப்ஸ்லிப் காட்டிலும் செயற்கைக்கோளின் சமிக்ஞை டவர் இல்லாமலே வந்து சேரும். அங்கே வராமல் போவது வரைபடம். வீட்டில் வைஃபை இருக்கும்போதே அந்தப் பகுதியின் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளலாம். டவர் இல்லாவிட்டால் முதல் தடவை இடம் பிடிக்கத்தான் நேரமாகும். செயற்கைக்கோள் தன் சுற்றுப்பாதை விவரத்தை 30 விநாடிக்கு ஒரு முறை மெதுவாக ஒப்பிக்கிறது. டவர் இருந்தால் போன் அதை நெட் வழியாக நொடியில் வாங்கிவிடும். பல நாள் அணைத்து வைத்திருந்த தனிக் கருவி என்றால், வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தி அது இடம் பிடிக்கும்வரை பொறுத்திருங்கள். மரத்தடியில் ஓடிக்கொண்டே தேடினால் ஒப்பிப்பது பாதியில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கும்.

நிற்கும் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது. நகர்ந்தால்தான் திசை தெரியும். போனின் காந்த ஊசி உணரியைக் காரின் இரும்பும் காந்த ஸ்டாண்டும் குழப்பிவிடும். அதனால் காந்திபுரத்தில் வண்டியை எடுத்ததும் அம்புக்குறி எதிர்ப்பக்கம் காட்டினால் பதற வேண்டாம், இருபது முப்பது மீட்டர் நகர்ந்ததும் சரியாகிவிடும். கரூர் வெயிலில் மூடிய காரின் டேஷ்போர்டில் மட்டும் கருவியை விட்டுவிட்டுப் போகாதீர்கள்; லித்தியம் பேட்டரி உப்பிவிடும். ஓடும்போது ஏசி காற்று படும் இடத்தில், வானம் தெரியும்படி, ரோட்டை மறைக்காமல் கண்ணாடியின் கீழ்மூலையில் வைப்பது நல்லது.

வரைபடத் தப்பை நாமே திருத்தவும் முடியும். 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் கணக்குத் தொடங்கித் திருத்தலாம். உங்கள் ஊர் இட்டேரி அங்கே சாலை என்று இருந்தால் அதை 'டிராக்' என்று மாற்றி, மண் தடம் என்பதையும் அகலத்தையும் சேர்த்துவிடுங்கள். அந்த வரைபடத்தைப் பயன்படுத்தும் செயலிகள் அடுத்த தடவை வரைபடத்தைப் புதுப்பிக்கும்போது, வெளியூர்க் கார்களை அந்தப் பக்கம் அனுப்புவது குறையும்.