மருந்தில்லாத காலத்தின் காசநோய் மருந்தகம்

எடின்பரோ நகரின் பேங்க் தெருவில் 1887-ஆம் ஆண்டு ராபர்ட் பிலிப் என்ற இளம் மருத்துவர் காசநோயாளிகளுக்காக ஒரு மருந்தகத்தைத் திறந்தார். அந்த நோயைத் தீர்க்கும் மருந்து ஒன்றுகூட அன்று உலகில் இல்லை. அதற்கான முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. இருந்தும் அவருடைய ஏற்பாட்டை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் பல ஊர்கள் பின்பற்றின. மருந்தே இல்லாத மருந்தகம் எதைத்தான் செய்தது?

முதல் வேலை கோழையைச் சோதிப்பது. நோயாளியின் கோழையைக் கண்ணாடித் தகட்டில் மெல்லத் தடவி, சிவப்புச் சாயம் ஊற்றிச் சூடாக்கி, பிறகு அமிலத்தால் கழுவுவார்கள். மற்ற கிருமிகள் சாயத்தை இழந்துவிடும். மெழுகு போன்ற உறை கொண்ட காசநோய்க் கிருமி மட்டும் அதை விடாது. மேலே நீலச் சாயமும் பூசிவிட்டால், நுண்ணோக்கியில் நீலப் பரப்பின்மீது சிவந்த சிறு குச்சிகளாக அவை தெரியும். ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் 1882-இல் அடையாளம் காட்டிய கிருமியை இப்படி ஊர் மருந்தகத்திலேயே பார்க்க முடிந்ததால், குடும்பத்தின் தலைவிதி என்று எண்ணப்பட்ட எலும்புருக்கி, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் தொற்றாகக் கையாளப்பட்டது.

ஆனால் பிலிப்பின் ஏற்பாட்டுக்கு உயிர்நாடி செவிலியின் வீட்டு வருகை என்றே சொல்வேன். ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், சன்னல் திறக்கிறதா, கோழையை எங்கே துப்புகிறார்கள், வேறு யாருக்கு இருமல் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். பின்னர் நோயாளியின் வீட்டார் அனைவரையும் மருந்தகத்துக்கு வரவழைத்துச் சோதிப்பார்கள். இதற்கு ‘அணிவகுப்பு’ என்றே பெயர் இருந்தது. இருமல் முற்றி ஒருவர் மருத்துவரைத் தேடி வருவதற்குள், அவரோடு ஒரே கட்டிலில் உறங்கிய குழந்தைகள் மாதக்கணக்கில் கிருமியைச் சுவாசித்திருப்பார்கள் என்பதால், வந்தவரை மட்டும் பார்த்து அனுப்புவது பாதி வேலைகூட ஆகாது.

உதவிகள் எளியவை: துப்புவதற்கு மூடியுள்ள குப்பி, தனியாகப் படுக்க ஒரு கட்டில், பால். சில ஊராட்சி அமைப்புகள், வீட்டின் பின்புறம் வைத்து உறங்குவதற்கு, ஒரு பக்கம் திறந்த சிறு மரக்குடிலையும் இரவல் தந்தன. காய்ந்த கோழை தூசியாகப் பறந்து நோயைப் பரப்புகிறது என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். குப்பிக்கு அவ்வளவு மரியாதை கிடைத்தது அதனால்தான். உண்மையில் பெரிதும் பரப்புவது இருமும்போதும் பேசும்போதும் வெளிப்பட்டுக் காற்றில் மிதக்கும் நுண்துளிகள். காற்றோட்டம் அவற்றைச் சிதறடிக்கும், வெயிலின் புற ஊதாக் கதிர் கிருமியைக் கொல்லும். ஆகவே குப்பியைவிடத் திறந்த சன்னலும் மரக்குடிலுமே வீட்டாரை அதிகம் காத்திருக்க வேண்டும்.

1912-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நுரையீரல் காசநோயை அதிகாரிகளுக்கு அறிவிப்பது கட்டாயமாயிற்று. அதே ஆண்டு, காப்பீடு செய்த தொழிலாளிக்குச் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகள் தங்கித் தேறும் மருத்துவமனையில், சிகிச்சை பெறும் உரிமையும் கிடைத்தது. (சானடோரியம் என்பது தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையத்தின் பெயராக நமக்குப் பழகிய சொல்தான்; இங்கிலாந்தில் மெண்டிப் மலைச் சானடோரியத்தை நடத்திய டாக்டர் சௌரிமுத்து 1928-இல் அங்கே ஒன்றைத் தொடங்கினார்.) ஆனால் நோயுற்ற ஆண் தொழிலாளிக்குக் கிடைத்த உதவித்தொகை வாரம் 10 ஷில்லிங். அதை வைத்து வாடகையும் கொடுத்துக் குடும்பத்துக்குச் சோறும் போடுவது கடினம். சானடோரியத்தில் தேறியவர் அதே அறைக்கு, அதே வேலைக்குத் திரும்பினால் நோயும் திரும்பியது. இதை உணர்ந்தே 1910-இல் எடின்பரோவுக்கு அருகே போல்ட்டனில், தேறியவர்கள் திறந்தவெளியில் உழைத்துப் பழகுவதற்கு ஒரு பண்ணைக் குடியிருப்பு ஏற்படுத்தப்பட்டது. பெருங்கூட்டத்துக்கு அது போதுமானதல்ல.

படுக்கை தேவையா, வீடு போதுமா என்ற கேள்விக்கு விடை மருந்துகள் வந்தபிறகு சென்னையில் கிடைத்தது. 1956-இல் தொடங்கிய ஆய்வில், ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு நெரிசலான அவரவர் வீட்டிலும் ஒரே மாத்திரைகள் கொடுக்கப்பட்டன. குணமானோர் விகிதத்தில் பெரிய வேறுபாடில்லை. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. அங்கும் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்றார்கள்; இம்முறை அவர்கள் எண்ணியது மிச்சமிருந்த மாத்திரைகளை.