பேட்டரி தீர்ந்த பிறகும் படம் எடுக்கும் கேமராவை வாங்குங்கள்

ஃபிலிம் கேமராக்கள் மறுபடியும் இளைஞர்களின் கைக்கு வந்திருக்கின்றன. கேமரா பழுதுபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால் எனக்கு இதில் மனநிறைவு உண்டு. வாங்கிய கையோடு சர்வீஸுக்கு வருபவர்களில் பலர் ஏமாந்து வருகிறார்கள் என்பதுதான் வருத்தம். அதிலும் 1960களிலும் 70களிலும் ஜப்பானில் செய்த, லென்ஸைக் கழற்ற முடியாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில்தான் இது அதிகம் நடக்கிறது. லென்ஸ் எஃப் 1.7-ஆ 1.9-ஆ (எண் சிறிதானால் லென்ஸ் அதிக வெளிச்சம் வாங்கும்), இணையத்தில் எந்த மாடலைப் புகழ்கிறார்கள் என்று பார்த்து வாங்குகிறார்கள். என்னிடம் யோசனை கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது வேறு: பேட்டரியை எடுத்துவிட்டாலும் இந்த கேமராவில் ஷட்டர், அதாவது ஃபிலிமில் வெளிச்சம் விழத் திறந்து மூடும் கதவு, எல்லா வேகத்திலும் ஓடுமா?

ஏன் அந்தக் கேள்வி என்பதைச் சொல்வதற்கு முன், இந்த கேமரா எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வியூஃபைண்டருக்குள் நடுவில் மங்கலான மஞ்சள் நிறத்தில் ஒரு சின்னக் கட்டம் தெரியும். அந்தக் கட்டத்துக்குள் மட்டும் காட்சி இரட்டையாக இருக்கும். கேமராவின் முன்பக்கம் சற்றுத் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு சன்னல்களில் இருந்து வரும் பிம்பங்கள் பாதி ரசம் பூசிய ஒரு கண்ணாடியில் ஒன்றின் மேல் ஒன்று விழுவதால்தான் அந்த இரட்டை. லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றான இடத்தில் ஃபோகஸ் சரி. லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் எஸ்எல்ஆர் கேமராவில் இருப்பதுபோல் எழும்பி விழும் கண்ணாடி இதில் கிடையாது. ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே மெல்லிய தகடுகளாக இருக்கிறது. அதனால் சத்தம் மிகக் குறைவு, எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் போடலாம். லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதில்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மூடியைக் கழற்றாமல் எடுத்தாலும் வியூஃபைண்டரில் எல்லாம் தெளிவாகவே தெரியும், ஃபிலிம்தான் ஒன்றும் பதியாமல் வரும்.

சாதாரணக் குடும்பத்துக்காகச் செய்த கேமராக்கள் இவை. கேனான் நிறுவனம் 1961 ஜனவரியில் கேனோநெட்டை 18,800 யென்னுக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஃப் 1.9 லென்ஸும் தானியங்கி எக்ஸ்போஷரும் (ஃபிலிமில் விழும் வெளிச்சத்தின் அளவைக் கேமராவே முடிவு செய்வது) அந்த விலைக்குக் கிடைத்ததால் ஒரு வாரத்துக்கென்று வைத்திருந்த இருப்பு இரண்டே மணி நேரத்தில் தீர்ந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஜான் க்ளென் பூமியைச் சுற்றி வந்தபோது அவர் கையில் இருந்தது ஆன்ஸ்கோ ஆட்டோசெட். மினோல்டா ஹை-மேட்டிக்தான் அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்கப்பட்டது. ஃப்ளோரிடாவில் ஒரு மருந்துக் கடையில் தன் கைக்காசைக் கொடுத்து அவர் வாங்கியது அது. யாஷிகா, ஒலிம்பஸ், கோனிகா, ரிக்கோ, பெட்ரி என்று எல்லாரும் களத்தில் இறங்கினார்கள். 1977-இல் கோனிகா சி35 ஏஎஃப் தானாக ஃபோகஸ் செய்யும் கேமராவாக வந்த பிறகு இந்த வகை மெல்ல மறைந்துவிட்டது. அதாவது இன்று உங்கள் கைக்கு வரும் எந்தக் கேமராவுக்கும் வயது நாற்பதுக்கு மேல். பலவற்றுக்கு ஐம்பதுக்கும் மேல்.

இனி பேட்டரி விஷயம். இந்த கேமராக்களில் பெரும்பாலானவை பாதரச பேட்டரியை நம்பிச் செய்யப்பட்டவை. பிஎக்ஸ் 625 என்று கேட்டு வாங்குவார்கள். 1.35 வோல்ட், தீரும்வரை ஏறக்குறைய அதே வோல்ட்டில் நிற்கும். வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு அதுதான் தேவை. பாதரசத்தின் ஆபத்து தெரிந்த பிறகு அவை நிறுத்தப்பட்டன. அமெரிக்காவில் 1996-இல் சட்டமே வந்தது. பாதரசக் கழிவால் ஊரே நோயில் விழுந்த மினமாட்டாவின் பெயரில் 2013-இல் உலக நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. நிறுத்தியது மிகச் சரி. ஆனால் அந்த இடத்தில் கடைக்காரர் கொடுக்கும் ஆல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கி நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போகும். புதிதாகப் போட்டதும் மீட்டர் வெளிச்சத்தைக் கூடுதலாகக் காட்டும், படம் இருட்டாக வரும். சில வாரம் கழித்து அதே கேமரா வேறு கணக்குச் சொல்லும்.

இதற்கு எளிய வழி காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரி. 1.4 வோல்ட், அசையாமல் நிற்கும். மருந்துக் கடையிலும் காதுக் கருவி விற்கும் இடங்களிலும் கிடைக்கும். அகலம் குறைவு என்பதால் சுற்றிலும் ஒரு ரப்பர் வளையம் வேண்டும். ஸ்டிக்கரைப் பிரித்ததும் காற்று பட்டு வேலை செய்யத் தொடங்கும், பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் சில மாதங்களில் தீர்ந்துவிடும். அடிக்கடி மாற்ற விருப்பமில்லை என்றால் 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு பேட்டரியோடு வோல்ட்டைக் குறைக்கும் அடாப்டர் போடலாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பழைய கேமராவின் அடிமூடியைத் திறந்ததும் உள்ளே பல ஆண்டு கிடந்த பேட்டரி பச்சை பூத்து இருந்தால் வெறும் கையால் சுரண்டாதீர்கள். கையுறை போட்டு எடுத்து ஒரு பையில் கட்டி, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். புதிய பட்டன் பேட்டரியானாலும் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில்தான் இருக்க வேண்டும். விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். யாஷிகா எலக்ட்ரோ 35 அழகான கேமரா. 1966-இல் வந்தது, 45 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ் அருமையானது. லென்ஸ் துளையின் அளவான அபர்ச்சரை நாம் வைத்தால் வேகத்தை அதுவே முடிவு செய்யும், இருட்டில் 30 நொடிவரைகூட ஷட்டரைத் திறந்து வைக்கும். வெளிச்சம் அதிகமானால் சிவப்பு அம்பு, வேகம் குறைந்தால் மஞ்சள் அம்பு எரியும். ஆனால் ஷட்டரை நடத்துவது மின்சுற்று. பேட்டரி போனால் 1/500 நொடி மட்டுமே மிச்சம். மின்சுற்றில் பழுது வந்தால் மாற்றப் புதிய பாகம் இல்லை, வேறொரு செத்த கேமராவில் இருந்துதான் எடுக்க வேண்டும். வாங்குவதானால் ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளும்போது உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். வரவில்லை என்றால் உள்ளே ஒரு சின்ன ரப்பர் துண்டு கரைந்து போயிருக்க வாய்ப்பு அதிகம். அதன் பிறகு எக்ஸ்போஷரை நம்ப முடியாது. அந்த ரப்பரை மாற்றலாம், ஆனால் மேல்மூடியைக் கழற்ற வேண்டிய வேலை. எலக்ட்ரோவுக்கு ஒரு சலுகையும் உண்டு: பழைய 5.6 வோல்ட் பாதரச பேட்டரிக்குப் பதில் இன்றைய 6 வோல்ட் பேட்டரியை உரிய அடாப்டரோடு போட்டால் மீட்டர் தடுமாறுவதில்லை.

1972-இல் வந்த கேனோநெட் க்யூஎல் 17 ஜி-3 வேறு ரகம். 40 மி.மீ. எஃப் 1.7, எடை 620 கிராம். பேட்டரி மீட்டருக்கு மட்டும். கையால் வைத்துக்கொண்டால் 1/4 முதல் 1/500 வரை எல்லா வேகமும் பேட்டரி இல்லாமல் ஓடும். புகழ் அதிகம், அதனால் விலையும் அதிகம். இங்கே வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. தானியங்கி நிலையில் வெளிச்சம் அளவுக்கு மீறினாலோ போதாமல் போனாலோ இந்த கேமரா ஷட்டரைப் பூட்டிவிடும். பேட்டரி செத்திருந்தாலும் அதேதான். இது தெரியாமல் “ஷட்டர் ஜாம்” என்று பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அபர்ச்சர் வளையத்தைத் தானியங்கியைக் குறிக்கும் ‘ஏ’-யில் இருந்து நகர்த்திவிட்டு அழுத்திப் பாருங்கள். பல நேரம் ஓடும்.

மினோல்டா ஹை-மேட்டிக் 7எஸ் பெரியது, கனமானது, விலையில் இன்னும் நியாயமானது. கைமுறையில் வைத்தாலும் மீட்டரின் எண் வியூஃபைண்டரில் தெரிவது இதன் பெரிய வசதி. ஒலிம்பஸ் 35 எஸ்பி 1969-இல், காட்சியில் ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரோடு வந்தது, லென்ஸில் ஏழு கண்ணாடிகள், கிடைத்தால் விடாதீர்கள். கோனிகா ஆட்டோ எஸ்3-இன் லென்ஸை எல்லாரும் புகழ்வது நியாயமே. ஆனால் பகல் படத்துக்குத் தானியங்கி மட்டும்தான் என்பதால் நான் சிபாரிசு செய்வதில்லை. வெளிச்சத்தில் இருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் செலினியம் மீட்டர் வைத்த முதல் கேனோநெட் போன்றவற்றுக்குப் பேட்டரியே வேண்டாம், ஆனால் அந்த செல்கள் பல காலப்போக்கில் வலுவிழந்துவிட்டன.

எனக்கு மிகப் பிடித்தது ஒலிம்பஸ் 35 ஆர்சி. 1970-இல் வந்தது. 42 மி.மீ., எஃப் 2.8. எண்களைப் பார்த்துப் பலர் ஒதுக்குகிறார்கள், அதை எண்ணி நான் பலமுறை வருந்தியிருக்கிறேன். 410 கிராம்தான் எடை, சட்டைப் பைக்குள் நுழையாவிட்டாலும் தோள்பையில் இருப்பதே தெரியாது. வேகமும் அபர்ச்சரும் இரண்டும் வியூஃபைண்டருக்குள்ளேயே தெரியும், கண்ணை எடுக்க வேண்டியதில்லை. ஷட்டர் முழுக்க இயந்திரம். 1/15 நொடிக்குக் கீழே வேகம் இல்லையே என்பார்கள். கையில் பிடித்து எடுப்பவருக்கு அதற்குக் கீழே படம் ஆடித்தான் வரும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 200 ஃபிலிம் போட்டு 1/250 நொடி, எஃப் 16 என்று வைத்தால் மீட்டரே இல்லாமல் ஒரு ரோலை முடித்துவிடலாம். நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. எஃப் 1.7-க்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை ஃபிலிமுக்குச் செலவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

எந்த மாடலானாலும் வாங்கும் முன் பின்மூடியைத் திறந்து பாருங்கள். ஓரத்துப் பள்ளங்களில் இருக்கும் கறுப்பு நுரை விரலில் தார் மாதிரி ஒட்டினால் பயப்பட வேண்டாம். எல்லாப் பழைய கேமராவிலும் அது அப்படித்தான் ஆகியிருக்கும், புதிது ஒட்டுவது சின்ன வேலை. ஷட்டரைக் குறைந்த வேகத்தில் இருந்து சோதியுங்கள். இந்த வகை ஷட்டர் முதலில் இழுத்துப் பிடிப்பது அங்கேதான். தகடுகளில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் உள்ளே சுத்தம் செய்ய வேண்டும். தயவுசெய்து லைட்டர் திரவத்தை முன்பக்கமாக ஊற்றும் வீடியோக்களைப் பின்பற்றாதீர்கள். எண்ணெய் கரைந்து லென்ஸ் கண்ணாடியில் போய்ப் படியும். இரண்டு நாள் ஓடிய ஷட்டர் மூன்றாம் நாள் மறுபடி நிற்கும். சாதாரண ஸ்ப்ரே எண்ணெய் அடித்தவற்றைக் காப்பாற்றுவது இன்னும் கடினம்.

அப்புறம், அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் ‘பி’-யில் வைத்து ஷட்டரைத் திறந்து பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து டார்ச் அடித்து லென்ஸை முன்னால் பாருங்கள். நூலாம்படை போலப் படர்ந்திருந்தால் பூஞ்சை. ஓரத்தில் லேசாக இருந்தால் சுத்தம் செய்யலாம். லென்ஸ் கண்ணாடி மேல் இருக்கும் பூச்சை அது அரித்துவிட்டால் போகாது. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் பூஞ்சைதான் முதல் எதிரி. பழைய தோல் உறையில் போட்டுப் பீரோவில் பூட்டி வைப்பது அதற்கு விருந்து வைப்பதற்குச் சமம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், நிறம் மாறியதும் மாற்றுங்கள். அரிசிக்குள் புதைக்க வேண்டாம், மாவுத் தூசி உள்ளே போகும்.

ரேஞ்ச்ஃபைண்டரைச் சோதிக்கத் தூரத்து செல்ஃபோன் டவரோ நிலாவோ போதும். வளையம் முடிவிலிக் குறிக்கு வந்ததும் இரண்டு பிம்பமும் பொருந்த வேண்டும். பக்கவாட்டில் பொருந்தி மேலும் கீழுமாக விலகியிருந்தால் சரிசெய்யக்கூடியதுதான், அதற்கேற்ப விலையைக் குறைத்துப் பேசுங்கள். நடுக்கட்டமே தெரியாத அளவுக்கு மங்கியிருந்தால் வாங்காதீர்கள், ரசம் போன கண்ணாடியை மாற்றுவது எளிதல்ல. மீட்டரை ஃபோனில் இருக்கும் லைட் மீட்டர் செயலியோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

இணையத்தில் வாங்கினால் கேமரா கைக்கு வந்த ஓரிரு நாளிலேயே ஒரு ரோலை எடுத்து முடித்து லேபுக்குக் கொடுங்கள். விலை குறைந்த கறுப்பு வெள்ளை ரோல் போதும். ஒவ்வொரு வேகத்திலும் ஒரு படம், அகலத் திறந்த அபர்ச்சரில் ஒரு மீட்டர் தூரத்துப் பொருள் ஒன்று, தூரத்துக் கட்டடம் ஒன்று, எல்லாவற்றையும் வரிசைப்படி ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விற்றவர் சொன்ன திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் நெகட்டிவ் உங்கள் கையில் இருக்க வேண்டும். பழுது தெரிந்து நீங்களே வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்தால் கேமராவோடு அந்த நெகட்டிவையும் தாளையும் சேர்த்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். எங்கே கை வைக்க வேண்டும் என்பது அவருக்குத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும்.