ரெகுலேட்டர் – மின்னழுத்த ஒழுங்கி

பொருள்: உள்ளே வரும் மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும், சுமை இழுக்கும் மின்னோட்டம் கூடினாலும் குறைந்தாலும், வெளியே கொடுக்கும் மின்னழுத்தத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும் சுற்று.

மூலம் லத்தீன். 'ரெகுலா' என்பது நேர்கோடு போட உதவும் கோல். அதிலிருந்து 'நெறிப்படுத்து' என்ற பொருளில் வினை பிறந்து, ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்தது. சிலிண்டர், மின்விசிறி என்று வீட்டுக்குள்ளேயே இரண்டு ரெகுலேட்டர் உண்டு. ஃபேன் ரெகுலேட்டர் பெயருக்குத்தான் ரெகுலேட்டர்: வீட்டு மின்சாரம் லோ வோல்டேஜ் ஆனால் விசிறியும் சேர்ந்து மெதுவாகும். சிலிண்டரில் மாட்டுவதோ தன் வெளியழுத்தத்தைத் தானே உணர்ந்து, படலத்தையும் சுருள்வில்லையும் கொண்டு திருத்திக்கொள்கிறது. மின்னணுவியலில் சொல்லப்படுவதும் இந்த வகைதான்.

தமிழில் 'சீராக்கி' என்றும் எழுதுகிறார்கள். அதே சொல் ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபயருக்கும் வழங்குவதால் குழப்பம் வரும். 'நிலைப்படுத்தி' ஸ்டெபிலைசருக்குப் போய்விட்டது. ஆற்றுப் பாசனத்தில் ரெகுலேட்டரை 'நீரொழுங்கி' என்கிறோம். அதே வார்ப்பில் 'மின்னழுத்த ஒழுங்கி' பொருத்தமாக அமைகிறது.

ப்ளூடூத் ஸ்பீக்கர் கட்டும்போது இந்தச் சொல்லுக்குள் இருக்கும் நிபந்தனை தெரியவரும். ஒரு லித்தியம் அயான் செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், தீரும்போது ஏறத்தாழ 3 வோல்ட். ப்ளூடூத்தில் பாட்டை வாங்கும் ஈ.எஸ்.பி. 32 போன்ற சிப்புக்கு 3.3 வோல்ட் வேண்டும். கடையில் எளிதாகக் கிடைக்கும் 1117 வகை ஒழுங்கி, உள்ளே வருவது வெளியே போவதைவிட 1 வோல்ட்டுக்குச் சற்று மேலாக இருந்தால்தான் வேலை செய்யும். அதாவது 4.4 வோல்ட்டாவது வேண்டும். செல் புதிதாகச் சார்ஜ் ஆனபோதே அது கிடையாது. இந்தக் குறைந்தபட்ச இடைவெளியின் பெயர்தான் 'ட்ராப் அவுட்'. இது குறைவாக இருக்கும் எல்.டி.ஓ. (லோ ட்ராப் அவுட்) வகையைக் 'குறை இடைவெளி ஒழுங்கி' எனலாம். அவ்வகையைச் சேர்ந்த ஏ.பி. 2112-க்கு, முழு 600 மில்லிஆம்பியர் கொடுக்கும்போதும் சுமார் 0.25 வோல்ட் இடைவெளி போதும்.

இடைவெளி தீர்ந்தால் ஒழுங்கி அணைந்துபோவதில்லை. ஏறத்தாழ வெறும் மின்தடை போலாகிவிடும். செல்லில் இருக்கும் ஏற்ற இறக்கம் அப்படியே வெளியே வரும். பாடலில் பேஸ் அடிக்கும்போது ஆம்ப்ளிஃபயர் 1 ஆம்பியர் இழுக்கிறது, செல்லும் கம்பியும் சேர்ந்து 0.15 ஓம் என்றால் அந்தக் கணம் 150 மில்லிவோல்ட் சரியும். 1117 மாட்டியிருந்து, செல் 3.6 வோல்ட்டில் இருக்கும்போது இது நடந்தால் சிப் ரீசெட் ஆவதும் உண்டு.

அதனால் பங்கீடு இப்படி இருக்கட்டும். பி.ஏ.எம். 8403 ஆம்ப்ளிஃபயர் 2.5 முதல் 5.5 வோல்ட் வரை தாங்கும். அதை ஒழுங்கி இல்லாமல் நேரே செல்லில் இணைத்து, அதன் மின்சாரம் வாங்கும் காலருகில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள். ஈ.எஸ்.பி.க்கு ஏ.பி. 2112. டிஜிட்டல் தரவை ஒலி அலையாக்கும் டாக் சிப்புக்குத் தனியாக எல்.பி. 5907 என்ற இன்னொரு எல்.டி.ஓ.: இது 1 கிலோஹெர்ட்சில் 82 டெசிபெல் அளவுக்கு உள்ளே வரும் இரைச்சலைத் தடுக்கும், 100 மில்லிவோல்ட் அலைவு சுமார் 8 மைக்ரோவோல்ட்டாகும். இதன் இருபுறமும் 1 மைக்ரோஃபாரட் செராமிக் அவசியம். மின்னழுத்தத்தை ஏற்றும் எம்.டி. 3608 பூஸ்ட் பலகையால் 5 வோல்ட் ஆக்கும் ஆசை வேண்டாம். சுமை குறைந்ததும் அது தன் ஸ்விட்ச் துடிப்புகளைத் தவிர்த்துத் தவிர்த்து ஓடும், அந்தத் துடிப்புகளின் வேகம் காதுக்குக் கேட்கும் அதிர்வெண்ணுக்கு இறங்கினால் கீச்சென்ற ஒலி வரும்.

எவ்வளவு நல்ல ஒழுங்கியாலும் தீராத ஒன்று கிரவுண்ட், அதாவது மின்னோட்டம் செல்லுக்குத் திரும்பும் கம்பி. ஈ.எஸ்.பி. விட்டுவிட்டு இழுக்கும் மின்னோட்டமும் ஆம்ப்ளிஃபயரின் ஒலி உள்ளீடும் ஒரே கிரவுண்ட் கம்பியைப் பகிர்ந்தால் 'டிர்ர்' என்று கேட்கும். மூன்று பகுதிகளின் கிரவுண்டையும் தனித்தனிக் கம்பியாகச் செல்லின் எதிர்முனைக்கே (மைனஸ்) கொண்டுபோங்கள். சந்தேகமிருந்தால் ஈ.எஸ்.பி., டாக் இரண்டையும் வேறொரு செல்லில் ஓட்டி, ஒலிக் கம்பியையும் அதன் கிரவுண்டையும் மட்டும் ஆம்ப்ளிஃபயருக்கு இணைத்துப் பாருங்கள். சத்தம் நின்றால் பெரும்பாலும் பகிர்ந்த கம்பிதான் காரணம். ஒழுங்கியை மாற்றிப் பயனில்லை.