சுணக்கம்: லேட்டன்சிக்கு நம் கையிலேயே இருக்கும் சொல்

மொபைலில் தபேலா செயலியைத் திறந்து திரையில் விரலைத் தட்டுகிறோம். தட்டிய கணத்துக்கும் 'தா' காதில் விழும் கணத்துக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி விழுகிறது. பேச்சில் 'லேக் அடிக்குது', 'டிலே ஆகுது' என்கிறோம். ஒலித்துறையில் இதன் பெயர் லேட்டன்சி.

லத்தீனில் 'லாட்டேரே' என்றால் மறைந்திருத்தல். அதிலிருந்து வந்த லேட்டன்சி, ஆங்கிலத்தில் முதலில் மறைந்திருக்கும் தன்மையைத்தான் குறித்தது. பள்ளிப் பாடத்தில் படித்த 'உள்ளுறை வெப்பம்' நினைவிருக்கும். அங்கே 'உள்ளுறை' என்று பெயர்த்திருப்பதும் இதே வேரில் பிறந்த சொல்லைத்தான். பின்னர் உடலியங்கியலில், நரம்பைத் தூண்டியதற்கும் தசை அசைவதற்கும் இடையில் வெளியே ஒன்றும் தெரியாத நேரத்தை இந்தச் சொல்லால் குறித்தார்கள். கணினியிலும் ஒலிக்கருவியிலும் இன்று வழங்கும் பொருள் இதற்கு மிக நெருங்கியது: வேலை உள்ளே நடக்கிறது, வெளியே இன்னும் தெரியவில்லை.

தமிழில் 'தாமதம்' போதாதா? போதாது. அது வடமொழியின் 'தாமச'த்திலிருந்து வந்தது, மந்த குணத்தைச் சுட்டுவது. அதைவிடப் பெரிய சிக்கல் ஸ்டுடியோவில் இருக்கிறது. அங்கே தாமதத்துக்கு நிகரான 'டிலே' என்பது குரல் திரும்பத் திரும்பக் கேட்கும்படி வேண்டுமென்றே சேர்க்கும் எஃபெக்ட். 'டிலேயைக் குறை' என்றால் எதைக் குறைப்பது? இந்த இடத்தில் 'சுணக்கம்' கச்சிதமாகப் பொருந்துகிறது. 'வேலை சுணங்கிப் போச்சு', 'சுணங்காம வந்து சேரு' என்று பேசுகிறோம். 'பணிகளில் சுணக்கம்' என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. நடந்துகொண்டிருப்பது உள்ளேயே தேங்கி நிற்கிற பொருள் அதில் இருக்கிறது. (சங்கப் பாடல்களில் மேனியில் படரும் தேமலைக் குறிக்கும் 'சுணங்கு' வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஒலிச் சுணக்கம், தொடு சுணக்கம், ஒலி வெளியே போய் மைக் வழியாகத் திரும்பி வரும் மொத்த நேரத்துக்குச் சுற்றுச் சுணக்கம் என்று கூட்டுச் சொற்களும் தடையில்லாமல் அமைகின்றன.

சுணக்கம் எவ்வளவு இருந்தால் தாங்கும்? செட்டிநாட்டு வீட்டை வைத்தே பார்க்கலாம். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும், அதாவது 10 மில்லி நொடியில் மூன்றரை மீட்டர். கல்யாண மேளத்தில் நாயனக்காரரும் தவில்காரரும் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் இடையே 6 மில்லி நொடி. அது யாருக்கும் உறைக்காது. ஆனால் ஒருவர் முகப்பிலும் மற்றவர் வளவு (உள்முற்றம்) தாண்டி 15 மீட்டரிலும் இருந்தால் 43 மில்லி நொடி ஆகிவிடும். ஒருவரை ஒருவர் கேட்டு வாசிக்கையில் காலப்பிரமாணம் (வாசிப்பின் வேகம்) இழுக்கத் தொடங்கும். தாளக் கருவியை மொபைலில் வாசிப்பவருக்கு 10 மில்லி நொடி சுகம், 20 சமாளிக்கலாம், 30-ஐத் தாண்டினால் விரல் தடுமாறும் என்பது எங்கள் கணக்கு.

ப்ளூடூத் இயர்போன் இந்தக் கணக்குக்கே அடங்காது. வழக்கமான கோடெக்கில் (ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையில்) அதன் சுணக்கம் 150 முதல் 250 மில்லி நொடி வரை போகும். நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் 'தகதிமி'யின் ஓர் எழுத்துக்கு 187 மில்லி நொடி. நீங்கள் 'க'வுக்கு விரல் வைக்கும்போதுதான் 'த' காதில் விழும். வாசிக்கவும் பதிவு செய்யவும் வயர் உள்ள இயர்போனே வேண்டும்.

சுணக்கத்தின் பெரும் பங்கு பஃபரில், அதாவது ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் தற்காலிக இடத்தில், இருக்கிறது. மொபைல் ஒலியைச் சொட்டுச் சொட்டாக அனுப்புவதில்லை, வாளி வாளியாக அனுப்புகிறது. நொடிக்கு 48,000 மாதிரி (ஒலியை அளந்த ஒரு புள்ளி) என்ற 48,000 ஹெர்ட்ஸில், 256 மாதிரி கொண்ட ஒரு வாளி 5.3 மில்லி நொடி, 1,024 என்றால் 21.3. வாளியைச் சிறிதாக்கினால் சுணக்கம் குறையும். ஆனால் பிராசசர் நேரத்துக்கு நிரப்ப முடியாமல் போனால் 'டிக் டிக்' என்று வெடிக்கும். அப்போது ஒரு படி பெரிதாக்குங்கள். பேட்டரி சேமிப்பு முறை பிராசசர் வேகத்தைக் குறைக்கும் என்பதால் அதை முதலில் அணையுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களின் இயல்பு மாதிரி வேகம் 48,000. செயலியை 44,100-இல் வைத்தால் இடையே மாற்றும் வேலை சேர்ந்து, சுணக்கம் குறைந்த வேகப் பாதை கிடைக்காமல் போகலாம். போனிலுள்ள ஈக்வலைசர், சரவுண்ட் எஃபெக்ட் இரண்டும் தனியாக நேரம் தின்னும்.

அளப்பதற்கு ஆண்ட்ராய்டில் ஓபோ டெஸ்டர் என்ற இலவசச் செயலி போதும். அதில் சுற்றுச் சுணக்கச் சோதனையைத் தேர்ந்து, ஸ்பீக்கர் ஒலியை முக்கால் அளவில் வைத்து ஓடவிடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த கூடத்தில் செய்யாதீர்கள். வழுவழுப்பான தரையும் சுண்ணாம்புச் சுவரும் ஒலியைத் திருப்பி அடிப்பதால் எண் தடுமாறும். துணிமணி அடுக்கிய சிறிய அறையில், மடித்த துண்டின் மேல் போனை வைத்து ஐந்து முறை அளந்து, நடு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதே செயலியில் தொடு சுணக்கத்துக்கும் ஒரு சோதனை உண்டு. நகத்தால் கண்ணாடியைத் தட்டினால், தட்டிய சத்தத்தையும் பின்னால் வரும் ஒலியையும் மைக்கில் பிடித்து இடைவெளியைச் சொல்லும்.

பதிவுச் செயலியில் உள்ள பிசகைக் கண்டுபிடிக்க வேறு வழி. மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) சத்தத்தை முதல் டிராக்கில் வையுங்கள். இயர்போனின் ஒரு காதை அதன் வயரிலுள்ள மைக்கோடு ஒட்டிப் பிடித்து, அந்தச் சத்தத்தையே இரண்டாம் டிராக்கில் பதியுங்கள். அலையைப் பெரிதாக்கி, இரண்டு முனைகளுக்கும் இடையிலுள்ள மாதிரிகளை எண்ணுங்கள். 48,000-இல் ஒரு மில்லி நொடிக்கு 48 மாதிரி. 1,920 வந்தால் 40 மில்லி நொடி. சுணக்கத் திருத்தம் என்ற அமைப்பில் அந்த எண்ணை இட்டு மறுபடி பதியுங்கள். இரண்டு முனையும் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றால் சரி. விலகல் இரட்டித்திருந்தால் கூட்டல் கழித்தல் குறியை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். இயர்போனையோ பஃபர் அளவையோ மாற்றும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இந்தத் திருத்தம் பதிந்த பிறகு அலையை நகர்த்தி வைக்கும், அவ்வளவுதான். பாடும்போது சொந்தக் குரல் காதில் பிந்தி வருவதை அது தீர்க்காது. அதற்குச் செயலியில் மானிட்டரை (பாடும் குரலை இயர்போனில் கேட்கவைக்கும் வசதியை) அணைத்துவிட்டு, இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு, தன் குரலை மற்றக் காதால் நேரே கேட்டுப் பாடுவதுதான் வழி.