தியோடோக்கோஸ்: இறைவனை ஈன்றவள்

கிறிஸ்தவ இறையியல் நூல்களைத் தமிழில் படிப்பவர்கள், இயேசுவின் தாய் மரியாவுக்குரிய பட்டமான ‘தியோடோக்கோஸ்’ என்ற சொல்லை எப்படியும் சந்திப்பார்கள். ‘கடவுளின் தாய்’ என்று அடைப்புக்குறிக்குள் பொருள் தந்துவிட்டு நூல் நகர்ந்துவிடும். அந்தப் பொருள் தவறில்லை. ஆனால் முழுமையானதும் இல்லை.

இது கிரேக்கத் தொகைச்சொல். ‘தெயோஸ்’ என்றால் கடவுள். பின்பகுதி, ‘ஈனுதல்’ என்னும் பொருள்படும் வினையிலிருந்து வந்தது. ஆகவே நேர்ப்பொருள் ‘கடவுளை ஈன்றவள்’. உச்சரிப்பில் அழுத்தம் விழும் இடமும் முக்கியம். ஈற்றுக்கு முந்தைய அசையை அழுத்தினால் ‘கடவுளை ஈன்ற’ என்று பொருள். இன்னும் ஓர் அசை முன்னே தள்ளி அழுத்தினால் ‘கடவுளால் ஈனப்பட்ட’ என்று தலைகீழாகிவிடும். தாய் என்பதற்குக் கிரேக்கத்தில் ‘மீட்டேர்’ என்று தனிச்சொல் உண்டு. அது இந்தப் பட்டத்தில் இல்லை. கிழக்கத்தியத் திருச்சபைகளின் மரியா ஓவியங்களில் தலைக்கு இருபுறமும் இரண்டிரண்டு கிரேக்க எழுத்துகள், மேலே ஒரு கோட்டுடன் இருக்கும். அவைதான் ‘மீட்டேர் தெயூ’, அதாவது ‘கடவுளின் தாய்’ என்பதன் சுருக்கம்: ஒவ்வொரு சொல்லுக்கும் முதலெழுத்தும் கடைசி எழுத்தும். ஆக, கிரேக்கர்களிடம் இரண்டு வழக்குகளும் இருந்தன. சண்டை வந்தது ‘ஈன்றவள்’ என்ற சொல்லின் மேல்தான்.

428-இல் நெஸ்தோரியஸ் கான்ஸ்டான்டிநோபிளின் பேராயரானார். அவருடன் அந்தியோக்கியாவிலிருந்து வந்த அனஸ்தாசியுஸ் என்ற குரு, மரியாவைத் தியோடோக்கோஸ் என்று யாரும் அழைக்கக் கூடாது, அவர் மனிதப் பெண், மனிதப் பெண்ணிடம் கடவுள் பிறக்க முடியாது என்று பிரசங்கம் செய்தார். நகரம் கொதித்தது. நெஸ்தோரியஸ் அவரைக் கைவிடவில்லை. ‘கிறிஸ்டோடோக்கோஸ்’, அதாவது ‘கிறிஸ்துவை ஈன்றவள்’ என்று சொன்னால் போதும் என்றார். தொடக்கமே இல்லாதவருக்குத் தாய் எப்படி இருக்க முடியும், எளிய மக்கள் மரியாவைப் பெண்தெய்வமாக்கிவிட மாட்டார்களா என்பது அவர் கவலை. அந்தக் கவலையை நான் அற்பமாக நினைக்கவில்லை.

அலெக்சாந்திரியாவின் பேராயர் சிரில் தந்த பதில் கூர்மையானது. குழந்தையின் உயிரைத் தாய் உண்டாக்குவதில்லை, அது கடவுள் தருவது; ஆனாலும் அவளை உடலை மட்டும் பெற்றவள் என்று யாரும் சொல்வதில்லை, முழு மனிதனையும் பெற்றவள் என்றே சொல்கிறோம். அதுபோலவே மரியா இறைத்தன்மையைத் தோற்றுவிக்கவில்லை. ஆனால் அவர் வயிற்றில் பிறந்தவர் கடவுள். 431-இல் எபேசு நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் சிரிலின் பக்கம் நின்று நெஸ்தோரியஸைப் பதவி நீக்கியது. மக்கள் தீவட்டி ஏந்தி ஆயர்களை இருப்பிடம்வரை அழைத்துச் சென்றார்கள். அந்தியோக்கியத் தரப்பு ஆயர்கள் வந்து சேரும் முன்பே தீர்ப்பு முடிந்துவிட்டது என்பது இந்த வெற்றியில் படிந்த கறை. 451-இல் கால்செதோன் சங்கம், ‘மனிதத் தன்மையின்படி’ என்ற விளக்கத்துடன் இந்தப் பட்டத்தை உறுதிசெய்தது. கிழக்கின் அசீரியத் திருச்சபை ‘கிறிஸ்துவின் தாய்’ என்ற வழக்கையே காத்துவந்தது. 1994-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலும் அத்திருச்சபையின் தலைவர் நான்காம் மார் தின்காவும் கையெழுத்திட்ட அறிக்கை, இரண்டு வழக்குகளும் ஒரே நம்பிக்கையைச் சொல்பவை என்று ஏற்றது.

இனி தமிழுக்கு வருவோம். இங்கே இந்தச் சொல் நுழையும் காது வெறுமையானதல்ல. சிலப்பதிகாரம் சிவனைப் ‘பிறவா யாக்கைப் பெரியோன்’ என்கிறது. திருவாசகம் ‘தாயுமிலி தந்தையிலி’ என்கிறது. தாயில்லாத அந்தச் சிவன் பேயுருவில் வந்த காரைக்கால் அம்மையாரைப் பார்த்து ‘அம்மையே’ என்று அழைத்தான் என்பது சேக்கிழார் தரும் காட்சி. கண்ணனுக்கோ ஈன்றவள் தேவகி, வளர்த்தவள் யசோதை. இறைவன் யாரையும் பெறவுமில்லை, யாராலும் பெறப்படவுமில்லை என்பது குர்ஆனின் 112-ஆம் அத்தியாயம். இத்தனைக்கும் நடுவில் ‘கடவுளின் தாய்’ என்று சொல்பவர், என்ன பொருளில் சொல்கிறார் என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

கத்தோலிக்கர்களின் பழைய செபத்தில் ‘சர்வேசுரனுடைய மாதாவே’ என்று இருந்தது. இப்போது ‘இறைவனின் தாயே’ என்று வேண்டுகிறார்கள். இரண்டிலும் உறவு விரிந்து நிற்பதால் குழப்பமில்லை. ‘தேவமாதா’, ‘இறையன்னை’ ஆகிய தொகைகளில்தான் சிக்கல். தேவனுக்கு மாதா என்றும் விரிக்கலாம், தேவியாகிய மாதா என்றும் விரிக்கலாம். மாரியம்மனும் அங்காளம்மனும் குடிகொண்ட மண்ணில் இரண்டாவது பொருள்தான் முதலில் தோன்றும். நெஸ்தோரியஸ் அஞ்சியது இதைத்தான். பாட்டிலும் பக்தியிலும் இந்தத் தொகைகள் வாழட்டும். பொருள் வரையறுக்கும் இடத்தில் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

அப்படியானால் சரியான தமிழ் எது? லத்தீன், ‘தேயி ஜெனித்ரிக்ஸ்’ என்று ஈனும் வினையைக் கைவிடாமல் மொழிபெயர்த்தது. தமிழால் அதை இன்னும் எளிதாகச் செய்ய முடியும். நம் அகப்பாடல்கள் ஈன்ற நற்றாயையும் வளர்த்த செவிலித்தாயையும் பிரித்தே பேசுகின்றன. தாய் என்ற சொல் இருவருக்கும் பொது. ‘ஈன்று புறந்தருதல்’ என்ற புறநானூற்றுத் தொடர் ஈனுவதை ஒரு செயலாகவும் வளர்ப்பதை மற்றொரு செயலாகவும் சொல்கிறது. வள்ளுவர் தாயை ‘ஈன்றாள்’ என்றும் குறிக்கிறார். எபேசில் வாதிட்டதும் வளர்த்ததைப் பற்றியல்ல, ஈன்றதைப் பற்றி. ஆகவே தியோடோக்கோஸ் என்பதற்கு ‘இறைவனை ஈன்றவள்’ என்பதே என் பரிந்துரை. விளியாக வரும்போது ‘இறைவனை ஈன்ற அன்னையே’. கிறிஸ்டோடோக்கோஸ் அருகில் வந்தால் ‘கிறிஸ்துவை ஈன்றவள்’ என்று எழுதலாம். ‘தாய்’ என்பதை ‘மீட்டேர்’ வரும் இடங்களுக்கு ஒதுக்கிவிட்டால், மூலத்தில் எந்தச் சொல் இருந்தது என்பது தமிழ் வாசகருக்கும் தெரியும்.