மேடு ஏறினால் முள்ளும் ஏறுகிறதா?

சமதளச் சாலையில் மணிக்கணக்கில் ஓடினாலும் டெம்பரேச்சர் முள் அசையாது. நீண்ட மேடு ஒன்று வந்தால், பத்தே நிமிடத்தில் சிவப்புக் கோட்டை நோக்கி நகரத் தொடங்கும். மோட்டார்ஹோம், அதாவது உள்ளேயே வீட்டு வசதிகள் கொண்ட பெரிய பயண வண்டி, வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன கவலை இது. உடனே இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை மாற்றுவார்கள். சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டை மாற்றுவார்கள். வாட்டர் பம்ப்பையும் மாற்றிப் பார்ப்பார்கள். அடுத்த மேட்டில் முள் மறுபடியும் ஏறும். ஏனென்றால் இந்த மூன்றுமே தண்ணீர் ஓடும் பக்கத்தைச் சேர்ந்தவை. முதலில் பார்க்க வேண்டியது காற்று ஓடும் பக்கத்தை.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் இது புரிந்துவிடும். 1 லிட்டர் தண்ணீர் 1 டிகிரி செல்சியஸ் குளிரும்போது ஏறக்குறைய 4.2 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு அதே 1 டிகிரி மட்டும் சூடாக, சுமார் 3,500 லிட்டர் காற்று வேண்டும். காற்று அவ்வளவு லேசானது. பெரிய டீசல் மோட்டார்ஹோம் ஒன்று முழு மூச்சில் மேடேறும்போது கூலன்ட்டில் இறங்கும் வெப்பம் 100 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் நூறு ஒரே நேரத்தில் சூடாவதற்குச் சமம் அது. இதை இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குக் கொண்டுவர, வினாடிக்கு மூன்றரை லிட்டர் தண்ணீர் ஓடி, 7 டிகிரி குளிர்ந்து திரும்பினால் போதும். ரேடியேட்டரிலிருந்து வெளியே கொண்டுபோகவோ, 30 டிகிரி சூடேறும் காற்று வினாடிக்கு 2,800 லிட்டர் உள்ளே புகுந்து வெளியேற வேண்டும். ரேடியேட்டர் குழாய்களுக்கு நடுவே காகிதம்போல மெல்லிய உலோகத் தகடுகளை (ஃபின்களை) நெருக்கமாக மடித்து வைத்திருப்பது இதற்காகத்தான். காற்று தொடும் பரப்பைக் கூட்ட வேறு வழி இல்லை. அந்த நெருக்கமே அழுக்குக்கும் நல்ல இடமாகிவிடுகிறது.

காரில் ரேடியேட்டர் வண்டியின் மூக்கிலேயே இருக்கிறது. ஓடுகிற வேகமே காற்றை உள்ளே தள்ளிவிடும். பெரிய டீசல் மோட்டார்ஹோம்கள் பலவற்றில் இன்ஜின் பின்னால் இருக்கிறது, ரேடியேட்டரும் வாலில் போய் நிற்கிறது. எதிர்க்காற்று அங்கே எட்டாது. மொத்த வேலையும் ஃபேன் தலையில். சாலைத் தூசியைச் சக்கரங்கள் கிளப்ப, ஃபேன் அதை இழுத்து ஃபின்கள் மேல் வீசும். வெறும் தூசியாக இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாகக் கசியும் ஆயில் ஆவியும் அதில் படிந்து, இரண்டும் சேர்ந்து களிம்பாகிவிடுகின்றன. டர்போ இன்ஜினாக இருந்தால் ரேடியேட்டருக்கு முன்னால், டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஒன்றும் அடுக்கப்பட்டிருக்கும். களிம்பு முதலில் அதன் மேல் அப்பும், மீதி இரண்டுக்கும் இடையில் சிக்கும். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் ரேடியேட்டர் பளிச்சென்றுதான் தெரியும். அழுக்கு ஃபேன் பக்கம், கண்ணுக்குத் தெரியாத முகத்தில் இருக்கிறது. இத்தனை பேர் ஏமாறுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

கழுவுவதில் அவசரம் கூடாது. இன்ஜின் முழுக்க ஆற வேண்டும். வெறும் தண்ணீர் ஆயில் களிம்பைக் கரைக்காது. அலுமினியத்துக்குத் தீங்கு செய்யாத, எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் டிகிரீசரைத் தெளித்து ஊறவிட வேண்டும். அப்புறம் காற்று வரும் திசைக்கு எதிர்த் திசையிலிருந்து சாதாரணக் குழாய்த் தண்ணீரைப் பாய்ச்சலாம். அழுத்தம் கூடிய பிரஷர் வாஷரை நெருக்கமாகப் பிடித்தால் ஃபின்கள் மடங்கிப்போகும். மடங்கிய ஃபின் அழுக்கைவிட மோசம். முதலில் கறுப்பாக வடியும். தெளிந்த தண்ணீர் வரும்வரை, மூன்று நான்கு முறையானாலும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இடையில் இறுகிப்போயிருந்தால் இன்டர்கூலரையும் ரேடியேட்டரையும் கழற்றிப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. கையோடு பிரீதர் குழாயின் வாயை ஃபேன் காற்று எட்டாத இடத்துக்கு நீட்டிவிட்டால், களிம்பு சேரும் வேகம் வெகுவாகக் குறையும்.

இதற்குப் பிறகும் சூடானால் தண்ணீர்ப் பக்கம் போகலாம். முதலில் ரேடியேட்டர் மூடி. 1 பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மூடி இருந்தால் சுத்தத் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதிலாக 120 டிகிரியில்தான் கொதிக்கும்; பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட்டுக்கு அது 125-ஐத் தாண்டிவிடும். மூடியின் ரப்பர் காய்ந்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போனால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் நீராவிக் குமிழ்கள் உண்டாகும். நீராவியால் தண்ணீர் அளவுக்கு வெப்பத்தை வாங்க முடியாது. உலோகம் அந்த இடத்தில் தகிக்கத் தொடங்கும். சூடான இன்ஜினில் மூடியைத் திறக்கக் கூடாது என்பதும் இதனால்தான். அழுத்தம் விலகிய நொடியில் உள்ளே இருப்பது அப்படியே கொதித்து முகத்தில் பாயும்.

ரேடியேட்டரின் குழாய்களுக்குள் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க, வண்டி சூடாக இருக்கும்போது இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முகத்தில் மெதுவாக நகர்த்துங்கள். நடுவில் திடீரென்று குளிர்ந்த பட்டை வந்தால் அந்தக் குழாய்களில் ஓட்டம் இல்லை என்று பொருள். உப்புத் தண்ணீர் ஊற்றிப் பழகிய வண்டிகளிலும், வருடக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டிகளிலும் இது சகஜம்.

தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிடும் பழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். பல டீசல் இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றிவரும் குறுக்குவழியையும் மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டரையே பார்க்காமல் இன்ஜினுக்குத் திரும்பிவிடும்.

வேலை முடியும்வரை மேட்டில் வண்டி சூடானால் கீழ் கியருக்கு இறங்கி, ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி மெதுவாக ஏறுங்கள். இன்ஜின் சுழற்சி கூடும்போது வாட்டர் பம்ப்பும், இன்ஜினோடு சேர்ந்து சுழலும் ஃபேனும் வேகமெடுக்கும். எரியும் டீசல் குறைவதால் வெப்பமும் குறையும்.

மறுபடி கூலன்ட் நிரப்பும்போது இப்படிப்பட்ட மோட்டார்ஹோமில் ஒரு தொல்லை காத்திருக்கிறது. பின்னால் இருக்கும் இன்ஜினிலிருந்து முன்னால் இருக்கும் ஹீட்டர்வரை ஹோஸ் வண்டியின் முழு நீளத்துக்கும் ஓடுகிறது. அதன் மேடான இடங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, மெதுவாக ஊற்ற வேண்டும். கொஞ்ச தூரம் ஓட்டி, முழுக்க ஆறவிட்டுப் பார்த்தால் மட்டம் இறங்கியிருக்கும். பதற வேண்டாம், சிக்கியிருந்த காற்று வெளியேறி, அந்த இடத்தைக் கூலன்ட் பிடித்திருக்கிறது. குறைந்ததை ஊற்றி, இன்னொரு சுற்று ஓட்டி, மட்டம் அசையாமல் நின்றால் சரி. இனி அந்த மேட்டுக்குக் கொண்டுபோகலாம்.